நெய்வேலிக்கென ஒரு சட்டப் பயிற்சி

பெறுநர்: உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு, சென்னை.



1993ஆம் ஆண்டு. முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டுப் புகாரில் பிடித்துக்கொண்டு போனார்கள் கம்மாபுரம் போலீசார். அவர் வீடு திரும்பவில்லை. அவருடைய மனைவி பார்வதி, வழக்கறிஞர் சந்துரு மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனு போட்ட பிறகுதான் காவல் நிலையத்தில் நடந்த கொலை வெளியே வந்தது. 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது நாடே அந்தக் கதையைப் பேசியது. முதனையும் கம்மாபுரமும் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்கள். உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் துணை நிற்காதிருந்தால் பார்வதி சென்னை வரை போயிருக்க முடியுமா?

அந்தத் துணையை அரசே தர வேண்டும் என்பதற்காகத்தான் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் சட்டம் சார்ந்த தன்னார்வலர் திட்டத்தைக் கொண்டுவந்தது. சட்ட மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழு உறுப்பினர் எனப் பலரும் சேரலாம். நல்ல திட்டம். ஆனால் ஊருக்கு ஊர் வழக்கு வேறு; பொதுவான வகுப்பு நெய்வேலிக்குப் போதாது.

இங்கே ஒரு வீட்டில் என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் இருப்பார். அடுத்த வீட்டில், சொசைட்டி வழியாக அங்கே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் விளைந்து நின்ற நெல்லுக்குள் என்.எல்.சி.யின் பொக்லைன் இறங்கியது. இழப்பீட்டு ஆணையை எப்படிப் படிப்பது, ஆட்சேபத்தை யாரிடம், எந்தக் கெடுவுக்குள் கொடுப்பது என்று அந்த வயலின் விவசாயிக்கு உட்கார்ந்து விளக்க ஆள் வேண்டும். 2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாள்களில் என்.எல்.சி.யின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு இழப்பீட்டு மனு எழுதத் தெரிந்த கை வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவில், தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. இதை டவுன்ஷிப் வாசலில் ஷிஃப்ட் முடிந்து வருபவரிடம் சொல்ல யாராவது நிற்க வேண்டாமா?

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்த தன்னார்வலர் காவல் நிலையத்தில் போய் நின்றால் பேச்சு எடுபடாது.

ஆகவே விண்ணப்பம் இதுதான். நில எடுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் உரிமை, கைது நடைமுறை ஆகிய மூன்றையும் பாடமாக வைத்து, தமிழிலேயே ஒரு சிறப்புச் சான்றிதழ்ப் பயிற்சியை நெய்வேலியில் தொடங்குங்கள். கடலூர் மாவட்ட ஆணைக்குழு நடத்தட்டும். விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி மாணவர்களும், நிலம் இழந்த கிராமங்களின் பெண்களும் ஒரே வகுப்பில் உட்காரட்டும். தேர்வும் களப்பயிற்சியும் முடித்தவர்களுக்குச் சான்றிதழோடு அடையாள அட்டையும் மதிப்பூதியமும் கொடுத்து, நெய்வேலி நீதிமன்றத்திலும் சுற்றுவட்டக் காவல் நிலையங்களிலும் பணியில் அமர்த்துங்கள். வரும் கல்வியாண்டிலேயே முதல் வகுப்பு தொடங்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறது இம்மடல்.