விருந்துக்கு ஏற்ற பானம்

மேலைநாட்டு விருந்துகளிலே பழரசத்துடன் கரும்பிற் பிறந்த ரம்மைக் கலப்பர். யாழ்ப்பாணத்து விருந்துக்கு நாம் கருப்பநீரையே தெரிவோம். அதிலும் கவனம் வேண்டும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிடின் பனஞ்சாறு நொதித்துச் சில மணி நேரத்திற் கள்ளாகிவிடும். சிறுவர் கூடும் வீட்டுக்கு அது ஆகாது. சுண்ணாம்பு மிகினோ சுவை கெடும். ஆதலின் காலையில் இறக்கியதை வாங்கி, தெளியவைத்து, துணியில் வடித்து, முதலில் நாமே ஒரு மிடறு பருகிப் பார்த்தல் நன்று. நுரையும் புளிப்பும் தோன்றினால் விருந்தினர்க்கு வைக்கலாகாது. நல்லதாயின், பச்சை மாங்காயைச் சிறு துண்டுகளாக்கி இடுக. அதன் புளிப்பு, மிஞ்சிய சுண்ணாம்பின் காரத்தைத் தணிக்கும். பிளாவில் வார்த்தால் ஓலைமணமும் சேரும். கண்ணாடிக் குவளைகள் அலுமாரியிலேயே இருக்கட்டும்.