கருவாட்டு வாசம் இல்லாத குப்பம்

இந்த மே மாத லீவுக்கு எங்கே போவதாக உத்தேசம்? ஊட்டியும் கொடைக்கானலும் அலுத்துப் போச்சு. அங்கே போனாலும் நம்ம தெருக்காரர்களே எதிரே வருகிறார்கள். அதனால், ‘சின்னதா, அமைதியா, கடலோரமா ஒரு மீனவ கிராமம்’ என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்திருக்கிறதா? சென்னைக்காரராக இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை விட்டால் போதும். கோவளம், மாமல்லபுரம் என்று வழியெல்லாம் குப்பங்கள்தான். இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய தூளியில் சாய்ந்துகொண்டு, கையில் இளநீர், காலடியில் அலை, மதியம் வஞ்சிரம் வறுவல். கேட்கவே நன்றாக இருக்கிறது.

கெடுப்பதற்கு மன்னிக்கவும். அந்த வஞ்சிரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது. 2017-லிருந்து 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடுகிறார்கள். சின்னப் படகுகள் மட்டும் கரையை ஒட்டிப் போய்க் கிடைத்ததைக் கொண்டுவரும். அதாவது, உங்கள் பிள்ளைக்கு லீவு விடுகிற அதே நாட்களில்தான் கடலுக்கும் லீவு. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்குகிறது. ஆகவே, வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி நீங்கள் மே மாதம் வெட்டுகிற ‘ஃப்ரெஷ்’ வஞ்சிரம், அரபிக்கடலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் படுத்து, லாரியில் வந்ததாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கேரளத்து மீனைத் தின்ன கோவளம் போவானேன்? ஆட்டோ பிடித்து உள்ளூர் மார்க்கெட்டுக்குப் போனால் போதுமே!

சரி, அந்த 61 நாளும் மீனவர் வீட்டில் என்ன சமையல்? அரசாங்கம் நிவாரணம் தருகிறது. முன்பு குடும்பத்துக்கு 5,000 ரூபாய். 2023-ல் அதை 8,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தேன். 8,000-ஐ 61-ஆல் வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். ஒரு ஆளுக்கு இல்லை சார், ஒரு குடும்பத்துக்கு. உங்கள் ரிசார்ட்டில் ஒரு எலுமிச்சை ஜூஸ் என்ன விலை என்று மெனு கார்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மீன்வளத்துக்காக அவர்கள் கட்டாய விரதம் இருக்கிற மாதத்தில்தான் நாம் ‘மீனவ கிராம அனுபவம்’ தேடிப் போகிறோம்.

அந்த அனுபவத்திலும் நமக்கு நிபந்தனைகள் உண்டு. நண்பர் ஒருவர் குடும்பத்தோடு போய்விட்டு வந்து புலம்பித் தீர்த்துவிட்டார். ஒரே கருவாட்டு நாற்றமாம். விடியற்காலை மூன்று மணிக்கு மோட்டார் சத்தமாம். காலாற நடக்கலாம் என்றால் மணல் முழுக்க வலையைப் பரப்பி வைத்திருக்கிறார்களாம். யோசித்துப் பாருங்கள். லேத் பட்டறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ‘இங்கே ஏன் இவ்வளவு சத்தம்?’ என்று கேட்போமா? கடற்கரை அவர்களுடைய பட்டறை. படகை ஏற்றுவதும் வலையை உலர்த்துவதும் கிழிசலைத் தைப்பதும் மீனை ஏலம் விடுவதும் விற்காத மீனைக் காயப்போடுவதும் அந்த மணலில்தான். கரைவலை இழுக்கிறவர்களுக்கு நீளமாகத் தடையில்லாத மணல் வேண்டும். நடுவில் நாலு குடையும் எட்டு சாய்வு நாற்காலியும் போட்டால் வலை எங்கே வந்து சேரும்? நமக்குக் குப்பம் வேண்டும், குப்பத்து வேலை வேண்டாம். படகு வேண்டும், போட்டோவுக்கு. அதை ஓட்டுகிறவர் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால், ‘கொஞ்சம் தள்ளிக்கோங்கண்ணே’!

இது வெறும் ரசனைக் கோளாறாக இருந்தால் ஒரு கிண்டலோடு விட்டுவிடலாம். நிலம் கை மாறுகிற விஷயம் இது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் கடலோரக் குப்பத்து ஜனங்கள். அடுத்த மார்ச்சில், அதாவது 2005-ல், 172 என்ற எண்ணில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கிறவர்கள் பழைய இடத்தை விட்டுக்கொடுத்துத் தள்ளிப் போனால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் இலவச வீடு. போக மாட்டேன் என்றால் சொந்தக் காசில் ரிப்பேர் பண்ணிக்கொள்ளலாம். அரசு உதவி கிடையாது. படகும் வலையும் போய், பிள்ளையையும் பறிகொடுத்து நிற்கிறவனிடம் இதற்குப் பெயர் ‘விருப்பத் தேர்வு’.

பாதுகாப்புக்காகத்தானே சொன்னார்கள் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் படியுங்கள். ஜன நெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளில், கட்டடமே கூடாது என்றிருந்த 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்கள் கடற்கரையிலேயே வரலாம்; அலையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் சரி. மீனவனுக்கு 200 மீட்டரில் ஆபத்தாக இருந்த கடல், டூரிஸ்ட்டுக்கு 10 மீட்டரில் சாதுவாகிவிட்டதா? கடலுக்கு கெஜட் படிக்கத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதோடு போகவில்லை. அந்த அறிவிக்கையின்படி தமிழகக் கரைக்குத் தயாரான வரைவு வரைபடங்கள் 2023-ல் மக்கள் பார்வைக்கு வந்தபோது, எங்கள் ஊரையே காணோம், வலை உலர்த்துகிற இடத்தைக் காணோம் என்று மீனவர்கள் சண்டை போட வேண்டியிருந்தது. பட்டா இல்லாத பொது மணல், வரைபடத்திலும் இல்லாவிட்டால், நாளைக்கு அது ‘காலி இடம்’. காலி இடத்துக்கு என்ன நடக்கும் என்று ரியல் எஸ்டேட் விளம்பரம் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

‘டூரிஸம் வந்தால் அவங்களுக்கும் நாலு காசு கிடைக்குமே?’ என்று ஒரு கேள்வி வரும். கிடைக்கிற இடத்தில் கிடைக்கிறது. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி இருக்கிறது. குப்பத்துப் பையன்கள் பலகை மேல் நிற்கப் பழகி, இன்று நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். கடலை அறிந்தவன் அந்த அறிவுக்குக் கூலி வாங்குகிறான், பேஷாக நடக்கட்டும். ஆனால், சொந்தப் படகில் வாடையும் கொண்டலும் பார்த்துக் கடலுக்குப் போனவனை வாட்ச்மேன் சட்டை மாட்டி கேட்டில் நிற்கவைத்து, அவனுடைய சொந்தக்காரனையே உள்ளே விடாதே என்று சொல்வதை வேலைவாய்ப்புக் கணக்கில் வரவு வைக்க என் கை வரவில்லை.

போகவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. மே மாதத்தை விடுங்கள். மழையெல்லாம் ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். (அது ஆமைகள் முட்டையிட வரும் காலம். ராத்திரி மணலில் டார்ச் அடித்துக்கொண்டு திரியாதீர்கள்.) ஊருக்குள்ளேயே வாடகைக்கு அறை தருகிற வீடு கிடைத்தால் அங்கே தங்குங்கள். படகு திரும்புகிற நேரத்தில் கரைக்குப் போய், ஏலம் எடுத்துக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் பேரம் பேசாமல் மீன் வாங்குங்கள். அன்றைக்குச் சங்கராதான் கிடைத்தது என்றால் சங்கரா தின்னுங்கள். வஞ்சிரம் ஓடிப்போய்விடாது.

ரிசார்ட்தான் வேண்டும் என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு போன். ‘பிரைவேட் பீச் உண்டு’ என்று பெருமையாகச் சொல்வார்கள். 1991-ல் முதல் அறிவிக்கை வந்த காலத்திலிருந்தே விதி இருக்கிறது. இரண்டு கடலோர விடுதிகளுக்கு நடுவே பொதுஜனம் கடலுக்குப் போக 20 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். ‘அந்த இருபது மீட்டர் வழி உங்கள் காம்பவுண்டுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா?’ என்று மட்டும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.