நாட்காட்டியில் இல்லாத பிப்ரவரி 22

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 4 அன்று இந்தியக் கடற்படை நாள் கொண்டாடப்படுகிறது. 1971ஆம் ஆண்டுப் போரின்போது அந்த நாளின் இரவில் இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவு அது. போர்க்கப்பல்களில் விளக்கு அலங்காரமும் கடற்கரைகளில் சாகச நிகழ்ச்சிகளும் நடைபெறும். அதே கராச்சியில், அந்தத் தாக்குதலுக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, ‘இந்துஸ்தான்’ என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் பம்பாய்த் தோழர்களுக்கு ஆதரவாகப் பிரிட்டிஷ் பீரங்கிகளை எதிர்த்து நின்றார்கள். கராச்சியும் பம்பாயும் ஒரே அணியில் நின்று ஒரே எதிரியோடு மோதிய அந்த நாள் 1946 பிப்ரவரி 22. கராச்சியைத் தாக்கிய நாளுக்கு அரசு விழா எடுக்கிறது. கராச்சியோடு சேர்ந்து நின்ற நாளுக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் விழா இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

கடற்படை எழுச்சிக்கு எண்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இடதுசாரி இயக்கத்தில் அது மறக்கப்படவில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி 18 அன்று பல ஊர்களில் கூட்டம் நடக்கிறது, சிறப்புரை நிகழ்கிறது, முகநூலில் படம் பகிரப்படுகிறது. ஆனால் அந்த நாளை மட்டும் பிடித்துக்கொள்வதால் நிகழ்வின் பாதி கையை விட்டு நழுவிவிடுகிறது. 18ஆம் தேதி ஒரு கொந்தளிப்பின் தொடக்கம். அது என்னவாக வளர்ந்தது என்பது 22ஆம் தேதியிலும், ஏன் முறிந்தது என்பது 23ஆம் தேதியிலும் இருக்கின்றன. ஒரு வர்க்கக் கட்சி நினைவில் நிறுத்த வேண்டிய நாட்கள் இவ்விரண்டுமே.

முதலில், திரும்பத் திரும்ப நிகழும் ஒரு சிறு பிழையைத் திருத்திக்கொள்ளலாம். நம் துண்டறிக்கைகளில் ‘தல்வார் கப்பல்’ என்று அச்சாகிறது. எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற பெயர் கப்பலுக்குரியதுபோல் ஒலித்தாலும், அது பம்பாய்க் கொலாபாவில் கரைமேல் இருந்த தகவல் தொடர்புப் பயிற்சி நிலையம். இந்தத் திருத்தம் வெறும் சொல் விவகாரம் அன்று. எழுச்சி நடுக்கடலில் தொடங்காமல் செய்தித் தொடர்பின் மையத்தில் தொடங்கியதால்தான், கம்பியில்லாத் தந்தி வழியாக அது ஓரிரு நாட்களில் துறைமுகம் விட்டுத் துறைமுகம் தாவியது. அங்கிருந்தவர்கள் ஓரளவு கல்வி கற்ற இளைஞர்கள்; இந்திய தேசிய ராணுவ வீரர்கள் மீதான வழக்கையும், அதற்காகக் கல்கத்தா வீதிகளில் நவம்பரிலும் பிப்ரவரியிலும் சிந்திய இரத்தத்தையும் பத்திரிகைகளில் படித்தவர்கள். போர் முடிந்துவிட்டதால் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்படவிருந்தவர்கள், வேலைக்கு வழி எதுவென்று அறியாதவர்கள். நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் நான்கில் மூன்று பங்கினரை வெளியே அனுப்பும் அக்னிபத் திட்டத்தின் காலத்தில் வாழும் இளைஞருக்கு இந்த மனநிலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில், தலைமைத் தளபதி வருகைக்கு முன்னதாகத் தல்வார் சுவர்களில் ‘வெள்ளையனே வெளியேறு’, ‘ஜெய் ஹிந்த்’ என்ற முழக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. பி.சி. தத் என்ற மாலுமி கைது செய்யப்பட்டார். நிலைய அதிகாரி கிங் இந்திய மாலுமிகளைத் தாய்வழி இழிசொற்களால் ஏசினார். புகார் கொடுத்தும் பயனில்லை. உணவு வாயில் வைக்க முடியாததாக இருந்தது. 18ஆம் தேதி திங்கட்கிழமை காலை, சுமார் 1,100 மாலுமிகள் உண்ண மறுத்தார்கள். உணவில்லையேல் வேலையில்லை என்றார்கள்.

பிரிட்டிஷ் ஆவணங்கள் இதற்கு இட்ட பெயர் ‘மியூட்டினி’. தமிழில் அதைக் ‘கலகம்’ என்று பெயர்த்துப் பழகிவிட்டோம். ‘சிப்பாய்க் கலகம்’ என்ற பழைய பாடப்புத்தகச் சொல்லிலிருந்து வந்த பழக்கம் இது. கலகம் என்ற சொல்லில் ஒழுங்கின்மையும் குழப்பமும் தொனிக்கின்றன. மாலுமிகள் தாங்களே சூட்டிக்கொண்ட பெயரோ வேலைநிறுத்தம். 19ஆம் தேதி அவர்கள் தேர்ந்தெடுத்த அமைப்பின் பெயர் கடற்படை மத்திய வேலைநிறுத்தக் குழு. எம்.எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத்தலைவர். சீருடை அணிந்த இளைஞர்கள், தங்களை ஆட்சியின் படையாளாகக் கருதாமல் உழைப்பை விற்பவராகக் கருதி, பம்பாய் ஆலைத் தொழிலாளியின் சொல்லைக் கடன் வாங்கினார்கள். மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் தொலைந்தால், 22ஆம் தேதி ஆலைத் தொழிலாளி ஏன் தெருவில் இறங்கினான் என்பதும் சேர்ந்து தொலைந்துவிடும்.

கோரிக்கைப் பட்டியலும் அதையே காட்டுகிறது. நல்ல உணவு, வெள்ளை மாலுமிக்கு இணையான ஊதியம், கிங் மீது நடவடிக்கை ஆகியவை அதில் இருந்தன. அவற்றுடன் இந்திய தேசிய ராணுவக் கைதிகள் உள்ளிட்ட அரசியல் கைதிகளின் விடுதலையும், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறுவதும் இருந்தன. டச்சு ஏகாதிபத்தியம் மீண்டும் காலூன்ற இந்தியச் சிப்பாயின் துப்பாக்கி பயன்படக் கூடாது என்று, சோற்றில் கல் கிடக்கிறது என்று முறையிட்டவர்களே சொன்னார்கள். தட்டிலிருந்து ஜாவா வரை ஒரே மூச்சில் சென்ற அரசியல் அது. 78 கப்பல்களுக்கும் 20 கரை நிலையங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. பங்கேற்றவர்கள் சுமார் 20,000 பேர். கொடிக்கம்பங்களில் காங்கிரசின் மூவண்ணமும் முஸ்லிம் லீக்கின் பிறையும் செங்கொடியும் ஒன்றாக ஏறின.

21ஆம் தேதி காசில் பாராக்ஸ் முகாமைச் சுற்றி வளைத்த படையினருடன் மாலுமிகள் பல மணி நேரம் துப்பாக்கிச் சண்டை நடத்தினர். கடற்படைத் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரே, கடற்படையே அழிந்தாலும் அடக்குவோம் என்று வானொலியில் எச்சரித்தார். குண்டுவீச்சு விமானங்கள் துறைமுகத்துக்கு மேல் பறந்தன. அன்று நகர மக்கள் கேட்வே ஆஃப் இந்தியா படித்துறைக்கு உணவுப் பொட்டலங்களைச் சுமந்து வந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர்கள் மாலுமிகளிடம் சொன்னார்கள். முற்றுகைக்குள் பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரு நகரம் சோறு போட்டது. இந்தக் காட்சி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது.

மறுநாள், பிப்ரவரி 22, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அழைப்பை ஏற்றுப் பம்பாய் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. காங்கிரஸ் சோஷலிஸ்டுகளில் ஒரு பகுதியினரும் ஆதரித்தனர். காங்கிரசின் தலைமையும் லீகின் தலைமையும் எதிர்த்தன. அந்த எதிர்ப்பை மீறி சுமார் 3,00,000 தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு வெளியேறினார்கள். பரேலிலும் பிற தொழிலாளர் குடியிருப்புகளிலும் தடுப்பரண்கள் எழுந்தன. ராணுவம் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. பரேலில் குண்டுபட்டு மாண்டவர்களில் கட்சித் தோழர் கமல் தோந்தேயும் ஒருவர்; உடனிருந்த குசும் ரணதிவே காலில் காயமடைந்தார். அடங்குவதற்கு இரண்டு நாட்களும் இரண்டு பட்டாளங்களும் தேவைப்பட்ட அந்த மோதலில் 228 பொதுமக்கள் இறந்ததாகவும் 1,046 பேர் காயமுற்றதாகவும் அரசே கணக்குக் காட்டியது. அடக்குமுறை நடத்தியவர்களே ஒப்புக்கொண்ட கணக்கு இது.

இந்த 228 பேரில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் கூட்டங்களில் ஒலிப்பதில்லை. மாலுமிகளைப் பற்றிய உரை 22ஆம் தேதிக்கு வரும்போது ‘பொதுமக்களும் ஆதரவு தெரிவித்தனர்’ என்ற ஒரே வரியில் கடந்துபோகிறது. ஆதரவுத் தீர்மானம் போட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது அந்த வரி.

இனி 23ஆம் தேதி. வேலைநிறுத்தக் குழு சரணடைய முடிவு செய்தது. வல்லபாய் படேல் சரணடையச் சொன்னார். பழிவாங்கல் நேராமல் பார்த்துக்கொள்வதாக உறுதியும் தரப்பட்டது. ஜின்னாவும் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னார். மற்ற எல்லாவற்றிலும் முரண்பட்டிருந்த இரு தலைமைகள் இதில் மட்டும் ஒன்றுபட்டதை நெடுநேரம் சிந்திக்க வேண்டும். சில நாட்கள் கழித்துப் படேல் எழுதிய கடிதமொன்றில், படையின் ஒழுங்கில் கைவைக்கக் கூடாது, சுதந்திர இந்தியாவுக்கும் படை வேண்டும் என்ற கருத்து வெளிப்படையாகவே இருக்கிறது. அதிகாரம் கைமாறும் முன்பே, அதிகாரத்தின் கருவியைச் சேதமின்றிப் பெற்றுக்கொள்ளும் கவலை வந்துவிட்டது. வன்முறைக்காக இந்துக்களும் முஸ்லிம்களும் கூடுவது புனிதமற்ற கூட்டு என்று காந்தி கருதினார். அருணா ஆசப் அலியோ, அரசியல் சட்ட மேடையைவிடத் தடுப்பரணில் அவர்களை ஒன்றுபடுத்தவே தாம் விரும்புவதாகப் பதிலளித்தார். அந்த விவாதம் நடந்து ஆறு மாதத்தில் கல்கத்தாவிலும், அடுத்த ஆண்டு பஞ்சாபிலும் நடந்தவை, தடுப்பரணில் கூடாதவர்கள் எங்கே எதிரெதிராக நின்றார்கள் என்பதைக் காட்டின.

ஆயினும் 23ஆம் தேதியின் முழுப் பழியையும் படேல் மீதும் ஜின்னா மீதும் சுமத்திவிட்டு நகர்வது எளிது, அது நேர்மையாகாது. மாலுமிகள் தேசியத் தலைவர்களிடம் அடைக்கலம் தேடியதற்குக் காரணம், வேறு தலைமை அவர்கள் கண்ணுக்குத் தெரியாததே. கம்யூனிஸ்ட் கட்சியால் ஒரு நகரத்தை ஒரே நாளில் நிறுத்த முடிந்தது. ஆனால் நின்ற நகரத்தை அடுத்த நாள் எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் ஆயத்தமாக இல்லை. காங்கிரசும் லீகும் ஒன்றுபட வேண்டும் என்பதே அப்போது கட்சியின் முதன்மை முழக்கம். அவ்விரண்டின் தலைமைகளும் எதிர்ப்பக்கம் நின்றபோது அந்த முழக்கம் காற்றில் தொங்கியது. 1942இல் எடுத்த நிலைப்பாட்டால் கட்சிக்கும் தேசிய உணர்வு கொண்ட இளைஞர்களுக்கும் இடையே விழுந்த விரிசலும் அதற்குள் முழுமையாக மூடியிருக்கவில்லை. நம் நினைவுக் கூட்டங்களில் இவற்றைப் பேசினால் யாருடைய தியாகமும் குறைந்துவிடாது.

மிகைப்படுத்தல் வேறொரு தொல்லை. 18ஆம் தேதி மாலுமிகள் எழுந்தார்கள், அஞ்சிப்போன அட்லி மறுநாளே கேபினட் தூதுக்குழுவை அறிவித்தார் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. அறிவிப்பு 19ஆம் தேதி வெளிவந்தது உண்மை. குழுவை அனுப்பும் முடிவு ஜனவரியிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பதும் உண்மை. நவம்பர் முதல் கல்கத்தா வீதிகளிலும் ஜனவரியில் விமானப்படை முகாம்களிலும் மூண்டுகொண்டிருந்த கொந்தளிப்பு முழுவதும் லண்டனை அசைத்தது என்று சொன்னால் போதும். அது தேதிகளோடும் பொருந்துகிறது. தேதியை வளைத்துப் பெறும் கைதட்டல், எதிராளி ஒரு புத்தகத்தைப் புரட்டும் வரைதான் நீடிக்கும்.

உத்பல் தத் 1965இல் கல்கத்தா மினர்வா அரங்கில் மேடையேற்றிய ‘கல்லோல்’ நாடகத்தில் ஒரு கப்பல் சரணடைய மறுத்துவிடுகிறது. வரலாற்றில் நடக்காதது அது. பெரிய பத்திரிகைகள் விளம்பரம் வெளியிட மறுத்தும் கூட்டம் குறையவில்லை; அதே ஆண்டு தத் சிறையிலடைக்கப்பட்டார். காங்கிரஸ் ஆட்சியை உறுத்தியது கப்பலின் கற்பனை முடிவைக் காட்டிலும், சரணடையச் சொன்னவர்கள் யாவர் என்ற கேள்வியே. நாடகக்காரர் முடிவை மாற்றலாம். கட்சிக் கல்வி வகுப்பு நடத்துபவருக்கு அந்த உரிமை கிடையாது.

இன்றைய ஆட்சியாளர்களின் வழி வேறு. அவர்கள் மறைப்பதில்லை, எடுத்துக்கொள்கிறார்கள். 2022 குடியரசு நாள் அணிவகுப்பில் கடற்படையின் அலங்கார ஊர்தி 1946 எழுச்சியைக் காட்டியபடி சென்றது. கொலாபாவில் அதற்கு முன்பே நினைவுச்சின்னம் உண்டு, பி.சி. தத், மதன் சிங் பெயர்களைத் தாங்கிய இழுவைப் படகுகளும் உண்டு. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் அலங்கார ஊர்தியில் மாலுமிக்கு இடமுண்டு, பரேல் தொழிலாளிக்கு இல்லை. வீரத்துக்கு இடமுண்டு, வேலைநிறுத்தத்துக்கு இல்லை. 18ஆம் தேதியைத் தனியே பெயர்த்தெடுத்தால் ராஜபாதையில் அழகாக நகர்த்திச் செல்லலாம். 22ஆம் தேதியைச் சேர்த்து எடுத்தால் நகர்த்த முடியாது. ஏனெனில் அதில் மூன்று கொடிகள் ஒன்றாகப் பறக்கின்றன, கராச்சியும் இருக்கிறது.

ஆகவே, கிளைகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த பிப்ரவரியில் கூட்டத்தை நான்கு நாள் தள்ளி வைக்கலாம். கடலோர ஊர்களில் மட்டும் நடத்தாமல், கோவையிலும் சோலாப்பூரிலும் கான்பூரிலும் ஆலை வாசல்களில் நடத்தலாம். மாலுமிகளின் படத்துக்குப் பக்கத்தில் கமல் தோந்தேயின் பெயரையும் எழுதி வைக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளியாக அந்த வாசலில் நிற்கும் இளைஞருக்கு, சீருடைக்காரர்களுக்காகத் தன் ஒருநாள் கூலியையும் உயிரையும் கொடுத்த ஆலைத் தொழிலாளியின் கதை, எந்தப் போர்க்கப்பலின் கதையைவிடவும் நெருக்கமானது.

தரப்பட்ட உறுதி காற்றில் போயிற்று. சரணடைந்த மாலுமிகள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 476 பேர் பணியிலிருந்து நீக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பதினெட்டு மாதங்களில் நாடு விடுதலை பெற்றது, இரண்டாகவும் பிரிந்தது. கப்பல்களையும் பீரங்கிகளையும் இரு அரசுகளும் கணக்குப் பார்த்துப் பங்கிட்டுக்கொண்டன. நீக்கப்பட்ட அந்த மாலுமிகளில் ஒருவரைக்கூட இந்தியக் கடற்படையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை.