கம்புளைக் கரையில் தேடுக

அம்பத்தூர், கொரட்டூர் ஏரிக்கரைகளிலும் ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றிய நடைபாதையிலும் காலையில் உலவும் தமிழர் பலருக்கு, கோரையிடையே ஓடி மறையும் சிறு பறவை எதுவாயினும் ‘வாத்து’. சற்றே படித்தவர்க்கு அஃது ஆங்கிலப் பெயருடையது. நெல்லில் நூறுவகை கண்டு பெயரிட்ட இனத்திற்கு இஃது இழுக்கன்றோ?

நம் முன்னோர் பறவையைப் பார்த்துப் பெயரிட்டனர். நீரில் முக்குளித்து வேறோரிடத்தில் தலைகாட்டும் வாலற்ற சிறு பறவை முக்குளிப்பான். மிதக்கும் கூட்டை விட்டு அகலுங்கால் முட்டைகளைப் பாசியால் மூடிச் செல்லும் அறிவுடையது அது. நெடுவிரல்களை ஊன்றித் தாமரையிலைமேல் நடப்பது இலைக்கோழி. செந்நெற்றியும் மஞ்சள் அலகுநுனியும் விலாவில் வெண்கோடும் உடையது தாழைக்கோழி; உடல் முழுதும் நீலமாயின் நீலத் தாழைக்கோழி. திறந்த நீரில் கூட்டமாய் மிதக்கும் கரும்பறவை, அலகும் நெற்றியும் மட்டும் வெளுத்திருப்பின், நாமக்கோழி. ‘நாமம்’ வடசொல்லே, நெற்றிவெள்ளைக் கோழி எனின் பழுதில்லை. ஆயினும் பறவையையே அறியாதான் பெயரைத் திருத்தப் புகுதல் நகைப்பிற்கிடம்.

கம்புளைப் பற்றிய ஐயமும் இத்தகையதே. உரையாசிரியர் அதனைச் சம்பங்கோழி என்றனர்; சம்பம்புல் அடர்ந்த நீர்நிலையில் வாழ்வதென்பது பெயராலேயே விளங்கும். ஐங்குறுநூற்று மருதத்துள் ஓரம்போகியார் அதன் நெற்றி வெள்ளையையும், விட்டுவிட்டு ஒலிக்கும் குரலையும், வயற்புறத்தே சுற்றத்தோடு ஆரவாரித்தலையும் சுட்டுகிறார். நெற்றி வெள்ளை கொண்டு நாமக்கோழி என்பார் உளர். ஆனால் முகமும் மார்பும் வெளுத்து, வாலடி செம்பழுப்பாய், நீர்விளிம்பிலும் வரப்போரத்திலும் திரிந்து, மழைக்கால இரவெல்லாம் ஓயாது கத்தும் கானாங்கோழிக்கும் நெற்றி வெள்ளையே. இடமும் குரலும் கானாங்கோழிக்கே பொருந்துகின்றன. இவ்வழக்கை அகரமுதலி தீர்க்காது. ‘ஒருவகை நீர்ப்பறவை’ என்று அது கைகழுவிவிடும். ஏரிக்கரையே தீர்க்கும்.

ஆங்கிலப் பெயரே அறிவியற்பெயர் என மயங்குவார் ஒன்று காண்க. தம் நாட்டில் இல்லாத இலைக்கோழிக்கு ஆங்கிலர் இட்ட ‘சக்கானா’ என்னும் பெயர், தென்னமெரிக்கப் பழங்குடியினரின் தூப்பி மொழியிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் பெற்ற கடன். நீலத் தாழைக்கோழிக்கோ அவர்கள் நூல்களில் பெயர் மாறிக்கொண்டே வந்துள்ளது. இப்போது நரைத்தலைச் சதுப்புக்கோழி என்னும் பொருள்படச் சொல்கின்றனர். அம்மாற்றங்களை உடனுக்குடன் உருப்போடும் நம்மவர்க்கு, க. இரத்தினம் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என்று ஒரு நூலே தந்திருப்பது தெரியாது.

பெயர் இருந்தும் பறவை இல்லாமற்போகும் நிலையும் அண்மையில் உள்ளது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்காயிற்று. ஏரிகளை அழகுபடுத்துவார் கரையைச் செதுக்கிச் சம்பையும் கோரையையும் களைகின்றனர். ஆங்குத்தான் கானாங்கோழி முட்டையிடுகிறது. மனிதர்க்கு அழுக்காய்த் தோன்றும் அப்புதரே அதன் இல்லம்.

பூவிருந்தவல்லி முதல் ஆவடி வரையுள்ள தமிழாசிரியர்கள் மருதத்திணை நடத்தும் கிழமையில் மாணவரை அருகிலுள்ள ஏரிக்கு அழைத்துச் செல்க. செம்பரம்பாக்கம் தொலைவன்று. முக்குளிப்பானில் தொடங்குக, அது மூழ்கியபின் எங்கே எழுமென்று பிள்ளைகளே பந்தயம் கட்டுவர்.