தட்டாமலே தட்டச்சு – தப்பா? சரியா?



"டைப்ரைட்டிங் முடிச்சா எப்படியும் பொழைச்சுக்கலாம்." படிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நமக்குத் தேர்வு வைக்கும் அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் தட்டச்சுத் தேர்வையும் நடத்துகிறது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. சொல்லுக்கு 5 தட்டு என்று வைத்தால் 225 தட்டு!

லினக்ஸில் எக்ஸ்டூடூல் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. ஜோர்டன் சிசெல் என்பவர் எழுதி, இலவசமாகக் கொடுத்தது. டெர்மினலில் அதன் பெயர், 'டைப்' என்ற கட்டளை, பிறகு நமக்கு வேண்டிய வரி. அவ்வளவுதான், கீபோர்டை யாரும் தொடாமலே எழுத்து விழும்! 'கீ' என்று கொடுத்தால் டேப், என்டர்கூடத் தட்டும். எக்ஸ் விண்டோ சிஸ்டத்தில் உள்ள எக்ஸ்டெஸ்ட் என்ற வசதி வழியாக இது போவதால், எதிரில் உள்ள மென்பொருளுக்கு விரலா, கட்டளையா என்று வித்தியாசம் தெரியாது. இரண்டு தட்டுக்கு நடுவே அது தானாக விடும் இடைவெளி 12 மில்லி விநாடி. கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 5000 தட்டு!

"இது ஏமாத்து வேலைடா" என்கிறார்கள் சில நண்பர்கள். தட்டச்சுத் தேர்வில் செய்தால் ஏமாற்றுதான். அங்கே சோதிப்பது விரலை. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் நான் சாயங்காலம் வேலை பார்க்கும் இடத்தைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். லைசென்ஸ் செலவு மிச்சம் என்று எல்லா கம்ப்யூட்டரிலும் லினக்ஸ். ஏற்கெனவே ஒரு தாளில் அடித்து வைத்த பெயர், ஊர், போன் நம்பரை எல்லாம் இன்னொரு படிவத்தில் திரும்ப அடிக்கணும். அந்தப் படிவம் காப்பி எடுத்து ஒட்டவும் விடாது. கூலி, பதிவுக்கு இத்தனை என்று. பக்கத்து நாற்காலி அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். ராத்திரி வீட்டுக்குப் போய் விரலை வெந்நீரில் வைப்பாராம். அடித்ததையே மறுபடி அடிப்பதில் என்ன திறமை சோதனை இருக்கிறது, சொல்லுங்கள்?

எக்ஸ்டூடூல் ஓடுவதைப் பார்த்ததும் முதலாளி கேட்டது: "அப்படின்னா பதிவுக்கு இவ்வளவு கூலி எதுக்கு?" அக்கா கேட்டது: "தம்பி, எனக்கும் சொல்லித் தர்றியா?"

நான் அக்கா கட்சி. ஏன் என்றால், இந்தக் கருவிக்குக் கண் கிடையாது. எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதில் போய் அடிக்கும். நடுவில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி முளைத்தால், அதிலும் என்டர் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தமிழில் இன்னும் கூத்து! கீபோர்டு அமைப்பில் இல்லாத எழுத்தை, காலியாக உள்ள ஏதோ ஒரு கீயில் தற்காலிகமாக ஏற்றி அடிக்கிறது. வேகம் கூடினால் எழுத்து நழுவும். 'கொ' என்பது அதற்கு 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று. குறி நழுவினால் கொடுமுடி, கடுமுடி ஆகிவிடும்! இடைவெளியை 100 மில்லி விநாடி ஆக்கினால் பெரும்பாலும் அடங்குகிறது. அப்போதும் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். கடுமுடி என்று ஊர் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. அந்தக் கண்ணுக்குக் கூலியைக் குறைக்க என்ன நியாயம்?

புதிய லினக்ஸில் வரும் வேலாண்ட் முறை இதற்கு எளிதில் இடம் கொடுக்காது. அங்கே ஒய்டூடூல் என்று வேறொன்று, கெர்னலின் யூஇன்புட் வழியாகப் போகிறது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். அதுவும் சரிதான்; கண்ட புரோகிராமும் நம் பெயரில் தட்டச்சு செய்தால் என்ன ஆவது?

இந்தக் கருவி முதலில் கூலிக்குத் தட்டுகிறவர் கைக்குப் போகணும், முதலாளி கைக்குப் பிறகு போகட்டும். நம்ம பேரவை லினக்ஸ் லேபில் ஒரு சனிக்கிழமை மதியம் வாங்கித் தந்தால் நானே சொல்லித் தருகிறேன். டைப்பிங் வேலை பார்க்கும் அக்கா, அண்ணன்மார் யார் வீட்டில் இருந்தாலும் கூட்டி வாருங்கள். எங்கள் அக்கா வருவதாகச் சொல்லிவிட்டார். மூன்று மணிக்குள் விட்டுவிடணுமாம், நாலு மணிக்கு அவருக்கு ஷிப்ட்.