பட்டி பூசினால் பலம் வருமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"மலருக்குக் கவிதை எழுது, இல்லாட்டி நட்பைப் பத்தி ஏதாவது எழுது" என்றுதான் ஹாஸ்டல் நண்பர்கள் சொன்னார்கள். எனக்குக் கவிதை வராது. பைப் மடக்க வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒழுங்காக வராது என்று இந்த வருஷம்தான் தெரிந்தது. அதனால் தெரிந்துகொண்ட விஷயத்தையே எழுதுகிறேன். மெக்கானிக்கல் மாணவர்கள் மட்டும் இல்லை, சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்களும் படிக்க வேண்டும். ஏனென்றால் இது பைப்பைப் பற்றி மட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா, ஸ்டீல் கட்டில், நாற்காலி செய்யும் பட்டறையில் இருபது வருஷமாகப் பைப் மடக்குகிறார். பள்ளிக்கூட லீவில் நானும் அங்கே போய் மணல் சலித்திருக்கிறேன். அதனால் கடைசி வருஷ புராஜெக்டுக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய பக்கி வண்டி செய்யலாம் என்று முடிவு செய்தபோது, "பைப் வேலை உன்னோடது" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் பெருமையாக ஏற்றுக்கொண்டேன்.

ரோல் கேஜ் என்றால் என்ன என்று மற்ற துறை நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வண்டி உருண்டு கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் இருக்க, அவரைச் சுற்றி இரும்புக் குழாயால் கட்டும் கூண்டுதான் அது. நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. 1980-களின் கடைசியிலேயே கோவையின் கரிவர்தன் அவர்கள் மாருதி என்ஜினைப் போட்டு ரேஸ் கார்கள் செய்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பொறியியல் கல்லூரி மாணவர்களுக்காக 'பாஹா எஸ்ஏஇ' என்ற போட்டி அமெரிக்காவில் 1976-லும், இந்தியாவில் 2007-லும் தொடங்கியது. அதன் படங்களைப் பார்த்துத்தான் எங்களுக்கும் ஆசை வந்தது. படத்தைப் பார்த்தோம். விதிமுறையைப் படிக்கவில்லை. அங்கேதான் வந்தது வினை!

பைப் கடையில் "ஒரு இஞ்ச் பைப்" என்று கேட்டோம். கடைக்காரர் "எந்த ஒரு இஞ்ச், தம்பி?" என்றார். நாங்கள் முழித்தோம். நண்பர்களே, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் பைப்பில் ஒரு இஞ்ச் என்றால் அது உள்துளைக்கு வைத்த பெயர். அதன் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர் வரும். டியூபில் ஒரு இஞ்ச் என்றால் வெளிவிட்டமே 25.4 மில்லிமீட்டர். பேர் ஒன்று, ஆள் வேறு! நாங்கள் விலையைப் பார்த்து, 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு இஞ்ச் டியூபை வாங்கினோம். மடக்குவதற்கு ஒரு பட்டறையில் ஜாக்கி வைத்த ஹைட்ராலிக் பெண்டரை வாடகைக்கு எடுத்தோம். அதில் இருந்தது தண்ணீர்ப் பைப்புக்கான ஒரு இஞ்ச் டை. 33.7 உட்கார வேண்டிய பள்ளத்தில் 25.4-ஐ வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? பக்கவாட்டில் பிடிமானமே இல்லை. டியூப் மடங்கியது, கூடவே சப்பையாகவும் போய்விட்டது. உள்பக்கம் மூன்று நெளிவு வேறு.

அதுதான் ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் நிற்க வேண்டிய முக்கியமான வளைவு. வைவாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. கையில் காசு இல்லை. என் பங்குக்கு அப்பா கொடுத்த இரண்டாயிரம் ரூபாயும் தீர்ந்துவிட்டது. அப்போது ஒருவன் சொன்னான்: "நெளிவுல பட்டி பூசி, எமரி போட்டு, பெயின்ட் அடிச்சிட்டா யாருக்குடா தெரியும்?"

உண்மையைச் சொல்கிறேன். முதலில் சரி என்று சொன்னவன் நான்தான். பட்டி டப்பாவைக் கடையிலிருந்து வாங்கி வந்தவனும் நான்தான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "ஏன் சாமி, கட்டில் காலு சப்பையா இருந்தா படுக்கறப்ப ஆடும், அவ்வளவுதான். இது அந்தப் பையன் தலைக்கு மேல நிக்கறதில்ல?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மெட்ராலஜி லேபில் வெர்னியர் வைத்து அளந்தோம். வளைவின் நடுவில் அகலப் பக்கம் 28.5 மில்லிமீட்டர், சப்பைப் பக்கம் 22 மில்லிமீட்டர். சின்னதைப் பெரிதால் வகுத்தால் 0.77. மோட்டார் பந்தயங்களை நடத்தும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் விதியில், வளைத்த இடத்தில் இந்த விகிதம் 0.9-க்குக் குறையக் கூடாது. வளைவில் நெளிவோ விரிசலோ இருக்கக் கூடாது. குளிர்ந்த நிலையில்தான் மடக்க வேண்டும். வளைவின் ஆரம், நடுக்கோட்டில் அளந்தால், குழாயின் விட்டத்தைப் போலக் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். நாங்கள் இரண்டில் தோற்றுவிட்டோம்.

ஏன் மூன்று மடங்கு? நம் மெக்கானிக்ஸ் பாடத்தை வைத்தே கணக்குப் போடலாம். 25 மில்லிமீட்டர் குழாயை 75 மில்லிமீட்டர் ஆரத்தில் 90 டிகிரிக்கு மடக்குவதாக வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டின் நீளம் சுமார் 118 மில்லிமீட்டர். வெளிப்பக்கம் 137. உள்பக்கம் 98. அதாவது அதே இரும்பு வெளியே கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் இழுபட வேண்டும், உள்ளே 20 மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். ஆறில் ஒரு பங்கு! இழுபட்ட பக்கம் கனம் குறையும். சுருங்கிய பக்கம் போக இடமில்லாமல் நெளியும். ஆரத்தை விட்டத்தைப் போல இரண்டு மடங்காகக் குறைத்தால், இழுப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். பரீட்சைக்கு எழுதிய 'நியூட்ரல் ஆக்சிஸ்' அந்தச் சப்பை டியூபில் எனக்குக் கண்ணால் தெரிந்தது!

சப்பையான இடத்தில்தான் குழாய் முதலில் மடியும். வண்டி கவிழ்ந்தால் மொத்த எடையும் அந்த இடத்தைத்தான் தேடிப் போகும். பட்டி என்பது கண்ணுக்குப் பூசுகிற மாவு. அது இரும்பாகாது.

அந்த வளைவை ஹேக்ஸா போட்டு அறுத்தோம். மீதி டியூபைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டோம். ஐந்து பேரும் மறுபடி கடன் வாங்கினோம். இந்த முறை விதியைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனோம். பாஹா விதிப்படி முக்கியமான குழாய்க்கு வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர், இரும்பில் கார்பன் குறைந்தது 0.18 சதவீதம். வேறு அளவு போட்டால் அதற்குச் சமமான பலத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். கார்பன் அளவு கண்ணுக்குத் தெரியாது, ஆகவே டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்கினோம். சரியான அளவு டை உள்ள ரோட்டரி பெண்டர் எங்கே இருக்கிறது என்று நாலு பட்டறை அலைந்து கண்டுபிடித்தோம்.

அடுத்து செய்யப்போகும் தம்பிகளுக்காக நாங்கள் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில், மடக்காமல் முடியுமா என்று பாருங்கள். நேரான குழாய்களை முக்கோணமாகக் கட்டினால் அதைவிடப் பலம் வேறு இல்லை. படத்தில் ஒன்பது வளைவு போட்டிருந்தோம். நாலில் முடித்தோம். பக்கவாட்டில் தையல் வெல்டிங் உள்ள குழாய் என்றால், அந்தத் தையல் வளைவின் வெளியிலோ உள்ளேயோ வராமல் பக்கத்தில் வருகிற மாதிரி வைக்க வேண்டும். அங்கேதான் இழுப்பும் சுருக்கமும் குறைவு. துண்டுக் குழாயில் ஒரு வளைவு போட்டுப் பாருங்கள். 90 டிகிரிக்கு மடக்கி விட்டால் இரண்டு மூன்று டிகிரி திரும்பி வரும். அந்தக் கணக்குத் தெரியாமல் நல்ல குழாயில் கை வைக்காதீர்கள். வளைவு சரியாக வரவில்லை என்றால் மறுபடி நிமிர்த்தி மடக்காதீர்கள். ஒருமுறை இழுபட்ட இரும்பு இரண்டாம் முறை அதே மாதிரி தாங்காது.

ஜாக்கியை அழுத்தும்போது குழாய்க்கு நேராக நிற்காதீர்கள். வழுக்கினால் அது சாட்டை மாதிரி வரும். டைக்கும் ரோலருக்கும் நடுவில் விரலை விட்டு "உட்கார்ந்திருக்கா" என்று தடவிப் பார்க்காதீர்கள்.

மணல் அடைத்துச் சூடு காட்டி மடக்கும் முறை அப்பாவுக்குத் தண்ணி பட்ட பாடு. நாற்காலிக்கு அது சரி. ரோல் கேஜுக்கு வேண்டாம். எந்தச் சூட்டுக்கு எவ்வளவு பலம் போச்சு என்று நம்மால் அளக்க முடியாது. ஈர மணலை அடைத்து இரண்டு பக்கமும் கட்டை அடித்துச் சூடு காட்டினால், உள்ளே ஆவி சேர்ந்து கட்டை குண்டு மாதிரி பறக்கும். நான் சலித்த மணலை அப்பா ஏன் அத்தனை நேரம் வறுத்தார் என்று இப்போதுதான் புரிகிறது. ஜிஐ பைப்பைச் சூடாக்கினாலோ வெல்டிங் வைத்தாலோ துத்தநாகப் புகை வரும். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல்தான்.

இன்னொன்று. ரோட்டில் ஓடும் காரில் ஆசைக்குக் கேஜ் மாட்டாதீர்கள். ஹெல்மெட்டும் முழு சீட் பெல்ட்டும் இல்லாமல் உட்கார்ந்தால், சின்ன மோதலிலேயே அந்தக் குழாய் மண்டையைப் பிளக்கும். காக்க வைத்ததே கொல்லும்!

சரி, எங்கள் வண்டி என்ன ஆச்சு? வைவா அன்று அது ஓடவில்லை. குழாய்க்கே இரண்டு வாரமும் போய்விட்டதால் செயின் லைன் சேர்க்க நேரம் இல்லை. கேஜுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. வளைவை எல்லாரும் பார்க்கட்டும் என்று வெறும் இரும்பாகவே நிறுத்தினோம். அறுத்த சப்பைத் துண்டை மேஜை மேல் வைத்தோம். பளபளவென்று பெயின்ட் அடித்து ஓட்டிக் காட்டிய குழுவுக்கு எங்களைவிட மார்க் அதிகம். எனக்கு வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"கிரவுண்டில் நூறு மீட்டர் ஓடப் போகிற வண்டிக்கு இவ்வளவு எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நண்பர்களே, ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் நிற்கும் பழைய புராஜெக்ட் வண்டிகளை ஜூனியர்கள் எடுத்து ஓட்டுவதை நாம் பார்க்கவில்லையா? பட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அந்தத் தம்பிக்கு யார் சொல்வார்கள்? இன்னும் ஆறு மாதத்தில் நாம் ஏதோ ஒரு கம்பெனியில் ஷாப் ஃப்ளோரில் நிற்போம். டிசைன் போடுபவர் ஏசி ரூமில் இருப்பார். மடங்கிய குழாயை முதலில் பார்ப்பது டிப்ளமோக்காரன் கண்தான். "இது ஸ்கிராப்" என்று சொல்லும் தைரியத்தை இங்கே பழகாவிட்டால் அங்கே எப்படி வரும்?

அதே சமயம், தைரியம் மட்டும் போதாது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு ஒரு குழாய் வீணானால் ஒரு வார மெஸ் பில் போன மாதிரி. பட்டி பூசச் சொன்ன நண்பன் கெட்டவன் இல்லை, காசில்லாதவன். ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று: சங்க நிதியிலிருந்து 25 மில்லிமீட்டர் டியூபுக்கான சரியான டை ஒரு செட் வாங்கி ஒர்க் ஷாப்பில் எல்லாக் குழுவுக்கும் பொதுவாக வைக்க வேண்டும். இரண்டு: எந்த வண்டியின் கேஜும் பெயின்ட் அடிக்கும் முன் வெர்னியரால் அளந்து கையெழுத்தாக வேண்டும் என்று துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். மூன்று: வீணான துண்டையும் ரெக்கார்டோடு சேர்த்துக் காட்டினால் அதற்கும் மார்க் உண்டு என்று ஆக்க வேண்டும். தப்பை மறைத்தால் மார்க், காட்டினால் நஷ்டம் என்று இருக்கும்வரை பட்டி டப்பாதான் விற்கும்.

அந்தச் சப்பைத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டறைக்கு எடுத்துப்போய் மாட்டி வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்டுகிறாராம். "என் பையன் மடக்கினது" என்று சொல்லித்தான் காட்டுகிறாராம்!

ஓங்குக மாணவர் ஒற்றுமை!