வண்டிப்பாதை நம்ம உசிரு, வேடிக்கைத் திடல் இல்லை!



கொடைக்கானல் மலையில் கொஞ்ச வருஷமாக ஒரு பிழைப்பு பெருகியிருக்கிறது. காலையில் தங்கும் விடுதி வாசலில் ஜீப் வந்து நிற்கும். கூடவே ஒரு வழிகாட்டி. தார் ரோட்டில் போனால் சுவாரசியம் இல்லையாம். அதனால் கல்லும் சேறுமாகக் கிடக்கிற பாதையாகப் பார்த்து இறக்குகிறார்கள். ஓடைக்குள் விட்டு மேட்டில் ஏற்றுகிறார்கள். நடுவில் ஒரு கிராமம், ஒரு பூண்டுக்காடு, நாலு போட்டோ. பொழுது சாய்ந்தால் திரும்ப விடுதி. இதற்கு 'ஆஃப் ரோடு' சவாரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரோடு இல்லாத இடத்தில் ஓட்டுவது என்று அர்த்தமாம்.

ரோடு இல்லாத இடம் என்று அவர்கள் சொல்கிற இடம் எது? நாம் கேரட் மூட்டை இறக்குகிற பாதை. உரமும் விதைப் பூண்டும் ஏற்றுகிற பாதை. பிரசவ வலி கண்ட பெண்ணை அவசரத்துக்குக் கொண்டுபோகிற பாதை. அவர்களுக்கு அது ரோடு இல்லை. நமக்கு இருக்கிற ஒரே ரோடு அதுதான்!

இது சுற்றுலாவுக்கு எதிரான நோட்டீஸ் இல்லை. வருகிறவர்களை வா என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். வெயில் தாங்காமல் கீழ்நாட்டிலிருந்து பிள்ளைகுட்டியோடு வருகிறவர்கள் மேல் நமக்கு என்ன கோபம்? ஜீப் ஓட்டுகிறவர்களிலும் பாதிப்பேர் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். நம்ம கேள்வி ஒன்றே ஒன்று. ஊருக்குள் எந்தப் பாதையில், எப்போது, எத்தனை வண்டி போகலாம் என்று முடிவு செய்கிறவர் யார்? இன்றைக்கு அதை முடிவு செய்வது விடுதிக்காரரும் புரோக்கரும். அதை முடிவு செய்ய வேண்டியது ஊர்.

பாதை எப்படிப் போகிறது?

மலைக்காட்டில் மண் எவ்வளவு அருமை என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். பாட்டன் பூட்டன் கல்லடுக்கிப் படிப்படியாகக் கட்டிய காடு இது. மேல் மண் ஒரு தடவை இறங்கிப் போய்விட்டால் நம்ம ஆயுசில் திரும்பி வராது. ஆளோடு சேர்த்து இரண்டு டன்னை நெருங்குகிற வண்டி ஈர மண்ணில் ஏறி இறங்கினால் டயர் போன தடம் பள்ளமாகிறது. அடுத்த மழையில் அந்தப் பள்ளம் வாய்க்கால் ஆகிறது. அடுத்த வண்டி அதே பள்ளத்தில் இறங்கி அதை இன்னும் ஆழமாக்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும்போது தண்ணீர் பாதையை விட்டுப் பிரிந்து பக்கத்துக் காட்டின் கல்கட்டில் பாய்கிறது. கல்கட்டு சரிந்தால் அதை எடுத்துக் கட்டுவது யார்? ஜீப் கம்பெனியா? நாமதான்.

"நீங்க மட்டும் அதே பாதையில வண்டி ஓட்டலையா?" என்று கேட்கிறார்கள். ஓட்டுகிறோம். அறுவடைக்கு ஓட்டுகிறோம். மழை பெய்து மண் ஊறியிருந்தால் லோடு ஏற்றாமல் வெயிலுக்குக் காத்திருக்கிறோம். பள்ளம் விழுந்தால் கல் போட்டு நிரவுகிறோம். சவாரிக்காரர்களுக்கோ சேறு இருந்தால்தான் வியாபாரம். எந்தப் பாதை கெட்டுக் கிடக்கிறதோ அதைத்தான் தேடி வருகிறார்கள். கெட்ட பாதையைக் கெட்டபடியே வைத்திருப்பதில் லாபம் பார்க்கிற ஒரு தொழில் நம்ம ஊருக்குள் வந்திருக்கிறது. இதை நாம் நிதானமாக யோசிக்கணும். நாளைக்கு அந்தப் பாதைக்குத் தார் கேட்டோ கல் கேட்டோ நாம் மனு கொடுத்தால், வேண்டாம் என்று சொல்வதற்கும் ஆள் இருக்கும்.

டயரில் ஒட்டி வருகிற நோய்

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு போடுகிற எல்லோருக்கும் நூற்புழு என்றால் வயிறு கலங்கும். 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த முட்டைக்கூட்டு நூற்புழு பிறகு நம்ம கொடைக்கானல் மலைக்கும் வந்து சேர்ந்தது. வேரில் தொற்றிச் செடியை மஞ்சளாக்கிக் குன்ற வைத்துவிடும். பெண் புழு செத்த பிறகு அதன் உடம்பே ஒரு கூடாக மாறுகிறது. கடுகை விடச் சின்னக் கூடு. அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டை. அந்தக் கூடு பயிரே இல்லாத மண்ணிலும் 20 வருஷம் வரைக்கும் உயிரோடு கிடக்கும்.

இந்தப் புழு தானாக நடந்து ஊர் விட்டு ஊர் போவதில்லை. மண்ணோடு போகிறது. விதைக் கிழங்கில் ஒட்டிய மண், மம்பட்டியில் ஒட்டிய மண், செருப்பில் ஒட்டிய மண், டயரில் ஒட்டிய மண். இதனால்தான் விவசாய அதிகாரிகள் நம்மிடம் கருவியைக் கழுவு, மண்ணைக் கொண்டுபோகாதே, பயிரை மாற்றிப் போடு என்று ஓயாமல் சொல்கிறார்கள். நாமும் நஷ்டப்பட்டு, கிழங்கை விட்டுப் பூண்டுக்கும் கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு நிலத்தைக் காப்பாற்றுகிறோம். ஒரே நாளில் பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி என்று சுற்றி, சேற்றில் உருண்டு, காட்டோரத்தில் திரும்பி, அடுத்த ஊருக்குப் போகிற டயரை யார் கழுவுகிறார்கள்? ஒரு காட்டு நோயைப் பத்துக் காட்டுக்குப் பரப்ப இதைவிட லேசான வழி உண்டா?

நம்ம மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணும் இந்தக் குளிரும் சேர்ந்துதான் இந்தக் காரமும் வாசனையும், ஒரு வருஷம் கெடாமல் இருக்கிற தன்மையும் வருகிறது என்று ஊர் உலகம் ஒத்துக்கொண்டதற்கு அடையாளம் அது. மண்ணுக்குக் குறியீடு வாங்கி வைத்துக்கொண்டு, அந்த மண்ணையே கண்டவன் டயரில் அனுப்பிவைத்தால் குறியீடு சோறு போடுமா?

சட்டம் யாருக்கு?

2013-இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவித்தார்கள். 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். காட்டோரத்தில் மாடு மேய்த்தால் விசாரணை, காய்ந்த விறகு பொறுக்கினால் விசாரணை. காட்டுமாடு இறங்கி ஒரே ராத்திரியில் பீன்ஸ் காட்டை மிதித்துவிட்டுப் போனால், நஷ்டஈட்டுக்கு நாம் நாயாக அலைய வேண்டும். ஆனால் விடியற்காலை சூரிய உதயம் காட்டுகிறோம் என்று விளக்கைப் போட்டு, ஹாரனை அடித்து, காட்டோரத்தில் வரிசையாக ஜீப் போனால் கேள்வி இல்லை. மிரண்ட காட்டுமாடு எங்கே இறங்கும்? நம்ம காட்டுக்குள்தானே!

2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஒரு நீதிமன்றம் கேட்டது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்கு மலை ஏறுகிற இடத்தோடு முடிந்துபோகிறது. ஏறின பிறகு நம்ம ஊர் வண்டிப்பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை ஜீப் இறங்குகிறது என்று எண்ணுகிறவர் யார்?

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை போட்டது. பக்கத்து இடுக்கி மாவட்டத்தில் ஜீப் விபத்துகளில் உயிர் போன பிறகு, 2025 ஜூலையில் மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரியை மொத்தமாக நிறுத்திவைத்தது. அப்புறம் பாதையையும் வண்டியையும் ஓட்டுநரையும் சரிபார்த்துத்தான் திரும்ப விடத் தொடங்கினார்கள். பிணம் விழுந்த பிறகுதான் விதி பிறக்குமா? நம்ம மலையில் விழுவதற்கு முன்னாடியே கேட்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். வாடகைக்கு ஆள் ஏற்றுகிற வண்டிக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். மஞ்சள் போர்டு வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்று பதிந்த வெள்ளை போர்டு வண்டியைச் சவாரிக்கு விட்டு, அது நம்ம பிள்ளை மேல் மோதினால், வாடகைக்கு ஓட்டிய வண்டி என்று காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் அலைவது அடிபட்ட குடும்பம். வரி கட்டி, எஃப்.சி. எடுத்து, மஞ்சள் போர்டு போட்டு ஓட்டுகிற உள்ளூர்த் தம்பியின் சவாரியையும் இந்த வெள்ளை போர்டுதான் பிடுங்கித் தின்கிறது.

வருமானம் வருதே என்கிறார்கள்

வருது, இல்லேங்கலை. டீக்கடையில் நாலு டீ கூடுதலாக ஓடுது. வாசலில் கட்டித் தொங்கவிட்ட பூண்டு ரெண்டு பிடி விற்குது. வடுகபட்டி சந்தைக்குப் போய்க் கமிஷன் கொடுத்து விற்பதை விட வீட்டு வாசலில் விற்றால் நமக்கு லாபம்தான். அதை நாம் மறுக்கவில்லை; இன்னும் அதிகமாக வரட்டும் என்றுதான் சொல்கிறோம்.

ஆனால் மொத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சவாரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். விடுதிக்கு ஒரு பங்கு, புரோக்கருக்கு ஒரு பங்கு, வண்டி முதலாளிக்கு ஒரு பங்கு. ஓட்டுகிற பிள்ளைக்குக் கூலி. பாதைக்கு என்ன பங்கு? ஊற்றுக்கு என்ன பங்கு? பின்னணியில் நிற்கிற பூண்டுக்காட்டுக்கு என்ன பங்கு? ஒரு பைசா கிடையாது. நாம் குனிந்து களை எடுப்பதைப் போட்டோ எடுத்து, 'கிராமிய வாழ்க்கை' என்று விற்கிறார்கள். வாழ்கிறவனுக்குக் காசு இல்லை, வேடிக்கை காட்டுகிறவனுக்குக் காசு!

சிலர் சொந்தப் பட்டா நிலத்தையே ஜீப் ஏறி இறங்க வாடகைக்கு விடுகிறார்கள். விளைச்சலுக்கு விலை இல்லாத வயிற்றெரிச்சலில் விடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் மலையில் தனிக்காடு என்று எதுவும் இல்லை அண்ணே. மேலே உள்ளவன் கிளறிவிட்ட மண் கீழே உள்ளவன் கிணற்றில்தான் வந்து படியும். இன்றைக்கு வருகிற வாடகைக்காக மண்ணை விட்டால், சவாரிக்காரன் வேறு மலை தேடிப் போன பிறகு நமக்கு மிஞ்சுவது பாறைதான்.

யாருக்கு முதலில் பாதை?

இதே மலையில் வெள்ளகவிக்குத் தலைமுறை தலைமுறையாகக் குதிரை முதுகில்தான் சரக்கு போய் வந்தது. சின்னூரிலும் பெரியூரிலும் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தது ஊரறிந்த கதை. பாதை கேட்டு அந்த மக்கள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அதுவே ஒரு மலை ஆகும். அவர்களுக்குப் பாதை போட வனத்துறை அனுமதி, நில அளவை, நிதி என்று ஆயிரம் தடை. வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு மட்டும் காடு, ஓடை, வரப்பு எல்லாமே பாதை. இந்த அநியாயத்தைத்தான் கேட்கிறோம்.

ஆகவே, நம் கோரிக்கைகள்:

1. கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் எந்த ஊர்ப்பாதையிலும் வண்டிப்பாதையிலும் ஜீப் சவாரி கூடாது. எந்தப் பாதை, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்பதைக் கிராம சபை சொல்ல வேண்டும்.

2. மழைக்காலத்திலும், மழை பெய்து பாதை காயும் வரையிலும் மண்பாதையில் சவாரி நிறுத்தப்பட வேண்டும்.

3. அனுமதிச் சீட்டும் இன்சூரன்சும் உள்ள மஞ்சள் போர்டு வண்டிக்கு மட்டுமே அனுமதி. உள்ளூர் ஓட்டுநருக்கு முதல் உரிமை. அனுமதி பெற்ற வண்டிகளின் எண்களை ஊர் முகப்பில் எழுதி வைக்க வேண்டும்.

4. விளைநிலத்துக்குள் டயர் இறங்கக் கூடாது. ஊருக்குள் நுழையும் முன் டயரைக் கழுவ இடம் அமைக்க வேண்டும்.

5. ஓடை, ஊற்று, குடிநீர்த் தொட்டி உள்ள இடங்களில் வண்டிக்கு முழுத் தடை வேண்டும்.

6. ஒவ்வொரு சவாரிக்கும் ஊராட்சிக்குக் கட்டணம். அந்தப் பணம் பாதையைப் பராமரிக்க மட்டுமே. வரவு செலவைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

7. அறுவடைக் காலத்தில் லோடு வண்டிக்குத்தான் முதல் வழி. எதிரே வருகிற சவாரி ஜீப் ஒதுங்கி நிற்க வேண்டும்.

8. பாதை இல்லாத ஊர்களுக்கு முதலில் பாதை போட வேண்டும்.

விவசாயிகளே! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கையெழுத்தைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகிற நாளாக அதை விட்டுவிடாதீர்கள். பெண்கள் திரண்டு வாருங்கள்; காட்டில் பாதி வேலை உங்களுடையது, தண்ணீர்க் குடம் முழுக்க உங்கள் தலையில். ஜீப் ஓட்டுகிற தம்பிகளும் வாருங்கள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நாங்கள் வரவில்லை. உங்க அப்பன் காடும் உங்க சவாரியும் சேர்ந்து நிலைக்க வழி கேட்கிறோம். தீர்மானத்தை எழுத்தில் கொடுங்கள். பதிவேட்டில் ஏறியதா என்று நின்று பாருங்கள். நகலைக் கையில் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

தீர்மானம் போட்ட பிறகும் அதிகாரிகள் அசையவில்லை என்றால், பாதையின் முகப்பில் ஊர் கூடி உட்காருவோம். கல் எறிய மாட்டோம், வந்தவர்களைக் கடிந்து பேச மாட்டோம். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இந்த நோட்டீசையும் கையில் கொடுத்து, நியாயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவோம்.

மண் காப்போம்! பாதை காப்போம்! கிராம சபையில் கூடுவோம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்